கயிறில்லாத கிணறு

எங்கள் ஊர் முக்கில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு நிற்கிறது. அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் என் வீட்டுக் கிணறு. கையில் கயிறு, கயிற்றின் முனையில் தொட்டி. கிணற்று வாளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தொட்டி நிறையத் தண்ணீர் தளும்புகிறது. மழைநீரைக் காத்த முன்மாதிரி விவசாயி என்று மேலே மலையாளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

பாறசாலைக்குப் பஸ் ஏற வேண்டுமானால் அந்த முக்குக்குத்தான் போக வேண்டும். நான் இப்போது கால்வாய்க் கரை வழியாகச் சுற்றி அடுத்த நிறுத்தத்துக்குப் போகிறேன். மூட்டுவலிக்காரன் எதற்கு இந்தச் சுற்றுச் சுற்றுகிறான் என்று கேட்டவர்களிடம், நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குச் சர்க்கரையே கிடையாது.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது ஒரு சின்னக் குன்றின் சரிவு. உச்சியில் என் ரப்பர்த் தோட்டம். அடிவாரத்தில் என் வீடும் கிணறும். இரண்டுக்கும் நடுவில் சில வீடுகள். அதில் ஒரு வீட்டுக்காரியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவள் கணவன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு போனவன், வீட்டோடு கிடக்கிறான். அயல்கூட்டம் என்கிற பெண்கள் குழு மூலமாக அவளுக்கு ஒரு பசு கிடைத்தது. அந்தப் பால்தான் வீட்டுச் செலவு, அவன் மருந்து, மகளின் நர்சிங் படிப்பு எல்லாம். காலையில் முதல் குப்பி பால் எங்கள் வீட்டுக்கு வரும். அதில் போட்ட சாயா குடித்தால்தான் எனக்குப் பொழுது விடியும்.

கோடை வந்தால் எங்கள் சரிவில் கிணறுகள் வற்றும். அதற்காக மழைக்குழித் திட்டம் வந்தது. சரிவில் வரிசையாகக் குழி வெட்டி மழையைத் தேக்கினால் அது மண்ணுக்குள் இறங்கிக் கீழேயுள்ள கிணற்றில் ஊறும். குழி வெட்டுவது தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலைக்கு வரும் பெண்கள். அதில் அவளும் ஒருத்தி. உச்சியில் வெட்டினால் நடுவிலுள்ள வீடுகளுக்குத் தண்ணீர் கிடைக்கும், நடுவில் வெட்டினால் அடிவாரத்துக்குக் கிடைக்கும் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஓவர்சியர் பெண் விளக்கினாள். அதனால் முதலில் உச்சியில் தொடங்கலாம் என்றாள். உச்சி என்றால் என் தோட்டம்.

நான் எழுந்தேன். ரப்பர் மரத்தடியில் குழி வெட்டினால் மரம் காற்றுக்குச் சாயும் என்றேன். விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்ட வருகிறவன் குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் யார் பொறுப்பு என்றேன். அதோடு உட்கார்ந்திருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே.

“இவளுவ வேல செய்யவா வாறாளுவ? நெழல்ல இருந்து கத பேசவாக்கும். நெழல் வேணுமின்னா வேற தோட்டம் பாருங்க, என் தோட்டம் வேண்டாம்.”

சிலர் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கழித்து அவள் எழுந்து, வீட்டைச் சுற்றியுள்ள தன் விளையில் எத்தனை குழி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்றாள். மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்த நல்ல இடத்தைக்கூட ஒதுக்கிக் கொடுத்தாள். அவள் சொன்ன பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களும் கொடுத்தார்கள்.

மழை நன்றாகப் பெய்தது. அடுத்த கோடையில் என் கிணறு வற்றவே இல்லை. மீன மாதக் கடுங்கோடையில்கூடக் கையை நீட்டினால் எட்டும் என்பது போலத் தண்ணீர் நின்றது. அவள் கிணற்றில் சேறு. அவள் வெட்டிய குழி எனக்கு ஊறியது. நான் வெட்ட விடாத குழி அவளுக்கு ஊறவில்லை. ஓவர்சியர் பெண் கூட்டத்தில் சொன்னதும் இதைத்தானே.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோடையில் தண்ணீர் உள்ள வீட்டுக்காரர்கள் கிணற்றில் கயிறும் தொட்டியும் போட்டு வைத்து, வாசல் படலையைத் திறந்து விடுவார்கள். ‘வந்து கோரிக்கொள்ளுங்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘கோரட்டுமா’ என்று யாரும் கேட்பதும் இல்லை. கயிறு தொங்கினால் போதும், மாட்டுக்கும் கோரலாம், துணிக்கும் கோரலாம். கயிறு இல்லாத கிணற்றுக்குப் போவது பிச்சைக்குப் போவது மாதிரி. மோட்டார் வைத்தபோது நான் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கிணற்றுக்கு மேல் இரும்பு வலையும் போட்டுப் பூட்டிவிட்டேன்.

அவள் இரண்டு குடத்தோடு எங்கள் படலையைக் கடந்து ரோட்டுக் குழாய்க்குப் போவாள். பசு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வருவதே பாதி நாள்தான். போகும்போதும் வரும்போதும் அவள் எங்கள் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

“கயித்த எடுத்துப் போடுங்க. அவ கேக்க மாட்டா” என்றாள் என் மனைவி.

“வேணுமின்னா வாயத் தொறந்து கேக்கட்டும். நான் என்ன, குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?”

கல்நெஞ்சக்காரன் என்று நினைக்க வேண்டாம். கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் வர வேண்டும், கேட்க வேண்டும், நான் பெருந்தன்மையாகக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் நான் பேசியதெல்லாம் அதோடு சமமாகிவிடும் என்று ஒரு கணக்கு. தினமும் முற்றத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்தச் சமயத்தில்தான் திட்டத்தைப் பார்வையிட ஆட்கள் வந்தார்கள். நிறைந்த கிணறு என்று ஊரில் காட்டுவதற்கு என் கிணறுதான் இருந்தது. பூட்டைத் திறந்து கொடுத்தேன். எட்டிப் பார்த்து வியந்தார்கள். மோட்டார் குழாயைப் படம் பிடித்தால் எடுப்பாக இருக்காது, தொட்டியில் கோருங்கள் என்றார் கேமராக்காரர். என் பழைய தொட்டி ஓட்டை. வந்தவர்களில் ஒருவர் மேலே ஓடிப்போய் ஒரு தொட்டியும் கயிறும் வாங்கி வந்தார். டயர் ரப்பரில் செய்த தொட்டி. விளிம்பு கிழிந்து, பச்சை நைலான் நூலால் தைத்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவளுடையது. கிணற்றில் தண்ணீர் இல்லாததால் சும்மா கிடந்ததைக் கொடுத்திருக்கிறாள்.

அதில்தான் கோரினேன். சிரியுங்கள் என்றார்கள், சிரித்தேன். போர்டு வந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். தொட்டியை நாளைக்குக் கொடுத்துவிடலாம், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று விறகுப் புரையிலேயே போட்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் படலை திறக்கும் சத்தம் கேட்டது. அவள்தான். எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், சனியன்! வந்துவிட்டாள் அல்லவா, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தேன். அவள் வாய் திறப்பதற்குள் நானே தொடங்கிவிட்டேன்.

“எடுத்துக்க மக்கா. மோட்டாரப் போட்டுத் தாறேன். ஒனக்கு இல்லாத வெள்ளமா?”

தண்ணீரைத்தான் நாங்கள் வெள்ளம் என்போம். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“வெள்ளத்துக்கு இல்ல அண்ணா. நாளையில இருந்து பாலுக்கு வேற எங்கயாவது சொல்லிக்கிடுங்க. பசுவ வித்தாச்சு. கள்ளிக்காட்டுக்காரர் ஒருத்தர் இப்பதான் கொண்டுபோறார். முந்தியே சொல்லாதது என் தப்பாக்கும்.”

கள்ளிக்காட்டில் அணை இருக்கிறது. அங்கே மாட்டுக்குத் தண்ணீர்க் கஷ்டம் இல்லை. இதற்கெல்லாம் விற்பார்களா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

அவள் கிணற்றின் இரும்பு வலையைப் பார்த்தாள். கோபமாகச் சொன்னாலாவது பதிலுக்கு நானும் குரலை உயர்த்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“என் விளையில வெட்டுன குழி வெள்ளமாக்கும் அண்ணா அது. அத ஒங்ககிட்ட நான் எப்படிக் கேக்க?”

பிறகு, தொட்டி இங்கே கிடந்தால் கொண்டுபோகிறேன் என்றாள். நானே எடுத்துவந்து கொடுத்தேன். மறுநாள் காலை என் மனைவி பாலில்லாத கட்டன்சாயாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதையும் குடித்தேன்.

வலையைக் கழற்றிவிட்டேன். நெய்யாற்றின்கரையில் புதுக் கயிறும் தொட்டியும் வாங்கி வந்து போட்டேன், படலையைத் திறந்து வைத்தேன். பக்கத்தில் சிலர் வந்து கோரினார்கள். அவள் வரவில்லை. மாடில்லாத வீட்டுக்கு அத்தனை தண்ணீர் எதற்கு?

இந்த வருஷம் மழைக்கு முன்னால் நானே ஓவர்சியர் பெண்ணிடம் போய், உச்சித் தோட்டத்தில் குழி வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அவளும் வந்தாள். மத்தியானம் ஒரு குடம் மோரும் தம்ளர்களும் சுமந்துகொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினேன். தோட்டத்தில் யாரும் இல்லை. வெட்டிய குழிகளும் மண்வெட்டிகளும் மட்டும் கிடந்தன.

எல்லோரும் என் எல்லைக் கையாலைச் சுவருக்கு அப்பால், பாறைமேல், பட்டப்பகல் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தலையில் தோர்த்துத் துண்டைப் போட்டிருந்தாள். இங்கே வந்து நிழலில் இருங்கள் என்று கூப்பிட்டேன்.

“வேண்டாம் அண்ணா, நாங்க இஞ்ச இருந்துக்கிடுதோம்” என்றாள் அவள்.

குடத்தைக் கையாலைமேல் வைத்தேன். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் நிழலில் நின்றேன்.