அக்காவுக்குப் போகாத மெயில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை விட்டுப் பிழைக்கிறவன் இல்லை நான். ஒரு மருத்துவமனையில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன். பேய் என்றால் நடுராத்திரி, கரண்ட் கட், நாய் ஊளை என்றெல்லாம் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்த வசதிகள் எதுவும் கிடைக்கவில்லை. எல்லாம் பட்டப்பகலில், எட்டு குழல்விளக்குகள் எரிகிற அறையில் நடந்தது. அதனால் எனக்கு இப்போது வெளிச்சத்தின் மேலும் நம்பிக்கை இல்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சர்வருக்குள் வரும் மெயிலில் முக்கால்வாசி குப்பை. லாட்டரி விழுந்தது, வழுக்கையில் முடி முளைக்கும், இந்த மாதிரி. அதைக் கூட்டித் தள்ள வேண்டும். வெளியே போவது நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள். அதில் சில போய்ச் சேராது. எதிர்ப்பக்கத்து சர்வர் "அப்படி யாரும் இல்லை" என்றால் மெயில் உடனே திரும்பி வந்துவிடும். "இப்போது முடியாது, பிறகு வா" என்றால் எங்கள் சர்வர் அதை வரிசையில் வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு தடவை முயன்று பார்க்கும். ஐந்து நாள் வரைக்கும் பார்க்கும். அப்புறம் கைவிட்டுவிடும். இதைக் கவனிக்க எனக்கு அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையும், எலும்பு வரைக்கும் குளிர்கிற ஒரு ஏ.சி.யும் கொடுத்திருந்தார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை 11.40. வரிசையில் ஒரு மெயில் நின்றிருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. உள்ளே ஒரு எழுத்து கிடையாது. பெறுபவர், போன வாரம் கண்ணாடி மாற்ற வந்த ஒரு நோயாளி. ஆனால் மெயில் அவருடைய வழக்கமான முகவரிக்குப் போகவில்லை. ஊர் பேர் இல்லாத, வெறும் எண்களால் ஆன ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த பதில் இது: "ஆள் இன்னும் வந்து சேரவில்லை. பிறகு முயலவும்."

தமிழில் இருந்தது. பதினாறு வருஷ சர்வீஸில் எந்த சர்வரும் என்னிடம் தமிழில் பேசியதில்லை. எவனோ வேலை மெனக்கெட்டு விளையாடுகிறான் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பிற்பகல் 2.40க்கு அந்த மெயில் போய்ச் சேர்ந்தது. "வந்துவிட்டார். பெற்றுக்கொண்டோம்" என்று பதில்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு அறையில் பதிவு அறைப் பெண்மணி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மருத்துவமனையில் யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"கண்ணாடி மாத்த வந்தாரே ஒருத்தர். நேத்து சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே போயிட்டாராம். முப்பத்தெட்டு வயசுதான்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டே முக்கால் இருக்கும்னாங்க. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அடுத்த பத்து நாளில் அதே மாதிரி இன்னும் இரண்டு மெயில்கள் வந்தன. இரண்டு பேரும் போனார்கள். மருத்துவமனை என்றால் நாலு பேர் போகத்தான் செய்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கென்று இருக்கிற ஒரே சொந்தம் அவள்தான். பஸ் கம்பெனி டிக்கெட் கவுன்ட்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் ரொம்ப நீளம். எலும்பில் புற்றுநோய் என்று அப்போது எங்கள் மருத்துவமனையிலேயே மூன்றாம் மாடியில் சேர்த்திருந்தோம். டாக்டர் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவளில்லாமல் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை, காலை 10.15. வரிசையில் புதிதாக ஒரு மெயில்.

அக்காவின் பெயர்.

மூன்றாம் மாடிக்குப் போன் போட்டேன்.

"என்னடா, இந்த நேரத்துல?"

"சும்மாதான். எப்படி இருக்க?"

"இப்பதான் யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நர்ஸ் குரல் இல்ல. வரேன்னு சொல்ல வாயெடுத்தேன், நீ போன் பண்ணிட்ட."

திரையைப் பார்த்தேன். "ஆள் இன்னும் வந்து சேரவில்லை."

மெயிலை அழித்தேன். அடுத்த நிமிஷம் அதே இடத்தில் நின்றது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. 11.14க்குத் திரும்பவும் அக்காவுக்குப் போன் போட்டு, வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். சரியாக 11.15க்கு அவள் பேச்சை நிறுத்தினாள்.

போனில் எனக்கும் கேட்டது… தூரத்திலிருந்து, மிகவும் அன்பாக, அக்காவின் பெயர்.

"பதில் சொல்லாத அக்கா."

"யார்ரா அது?"

"யாரா இருந்தாலும் சரி. வாயைத் திறக்காத."

எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அந்த எண்களுக்குப் போகிற பாதையை அக்காவின் பெயருக்கு மட்டும் முழுக்க அடைத்தேன். இனி அக்காவின் மெயில் அந்த இடத்தைத் தொட முடியாது. ஐந்து நாள் தாக்குப் பிடித்தால் போதும். மெயில் செத்துவிடும். 12.15க்கு "இணைக்க முடியவில்லை" என்று வந்தது. மாடியில் அக்காவை யாரும் கூப்பிடவில்லை.

ஐந்து நாளும் அந்த அறையிலேயே நாற்காலியில் கிடந்தேன். திரும்பி வரும் மெயிலைக் கண்டாலே எரிந்து விழுகிறவன் நான். அந்த ஒரு மெயில் திரும்பி வர வேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து, மணி அடித்துப் பதினைந்தாவது நிமிஷம் ஏ.சி. தானாக நின்றது. சர்வர் விளக்குகள் சிமிட்டுவதை நிறுத்தின.

சர்வர் அலமாரியின் உள்ளே இருந்து… டொக்.

அலமாரியைத் திறந்தேன். ஒயர்கள்தான் இருந்தன.

நாலாம் நாள்… டொக். டொக்.

ஐந்தாம் நாள், செவ்வாய், காலை 9.15.

டொக்… டொக்… டொக்…

அறைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

மரக்கதவைத் தட்டுகிற சத்தம். அலமாரியோ இரும்பு.

10.15.

சத்தம் இல்லை.

திரையில் எங்கள் சர்வரின் வழக்கமான வரி: "ஐந்து நாள் முயன்றும் சேர்க்க இயலவில்லை. கைவிடப்படுகிறது."

தரையில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரமே அக்கா எழுந்து நடந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போனபோது, எமனையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை.

நாலு வருஷம் ஆகிவிட்டது. நோய் போகவில்லை. தோளில் இருந்தது முதுகுக்கு வந்தது, முதுகில் இருந்து இடுப்புக்கு. இப்போது அக்காவைப் புரட்டிப் படுக்க வைத்தால் எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்கும். எந்த மருந்துக்கும் வலி அடங்கவில்லை. "இந்த வாரம் தாண்டாது" என்று ஆறு தடவை சொல்லிவிட்டார்கள். ஆறு தடவையும் தாண்டினாள். சாப்பாடு இறங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நினைவு மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது.

ஒருநாள் கேட்டாள். "என்கூட ஆஸ்பத்திரியில இருந்தவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. என்னை மட்டும் ஏன்டா யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க?"

எழுந்து போய் அவள் போர்வையைச் சரிசெய்தேன். மறுநாள் அடைத்த பாதையைத் திறந்தேன். அக்காவின் பெயரை என் கையாலேயே அடித்து, அந்த எண்களுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். கூடப்பிறந்தவளுக்கு எந்தத் தம்பியாவது அப்படி ஒரு மெயில் அனுப்புவானா? நான் அனுப்பினேன்.

ஒரே நொடியில் பதில்.

"இந்தப் பெயர் ஒருமுறை திரும்பி வந்தது. பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டது. மீண்டும் அனுப்ப வேண்டாம்."

எனக்கு மிகவும் பழக்கமான வரி அது. திரும்பி வந்த முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், மறுபடி அதற்கு அனுப்பவே கூடாது. இது எங்கள் தொழிலின் விதி. நானே ஆயிரக்கணக்கான பேரை அப்படி நீக்கியிருக்கிறேன். எதிர்ப்பக்கத்திலும் என்னைப் போல ஒருவன் ஒழுங்காக வேலை பார்க்கிறான் போலிருக்கிறது.

போன புதன்கிழமை, மாலை 4.20. வழக்கமாக வரும் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அக்காவின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வெகுநேரம் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் கேட்டார்.

"என்ன டாக்டர், உள்ள யாரும் இல்லையா?" என்றாள் அக்கா.

அவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார். என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"போன மாசமே கேக்கல. என் ஸ்டெதஸ்கோப்புதான் சரியில்லைன்னு நினைச்சுச் சொல்லாம விட்டுட்டேன். இன்னைக்குப் புதுசு வாங்கிட்டு வந்தேன்."

"என்ன கேக்கல?"

"துடிப்பு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"டேய்," என்று அக்கா கூப்பிட்டாள், "என்னடா சொல்றாரு?"