எட்டாத காதும் இரண்டு டம்ளர் டீயும்

எங்கள் பால்வாடி டீச்சர் சிந்தாமணி நல்ல மனுஷிதான். 1997-இல் அரியலூருக்குப் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான் கெட்டுப்போனார். குழந்தையின் அறிவு படிப்படியாக வளர்கிறதாம். எந்தப் படியில் நிற்கிறது என்று சோதித்துப் பார்த்துவிடலாமாம். அன்றிலிருந்து கீழப்பழுவூரில் ஒரு கைக்குழந்தையையும் அவர் விடவில்லை. கிலுகிலுப்பையைத் துண்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார். பிள்ளை தேடினால், கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கிறது என்று அதற்குப் புரிந்துவிட்டதாம். தன் புருஷன் பிச்சைமுத்துவின் மூக்குக்கண்ணாடியையும் ஒளித்துவைத்தார். மனுஷன் தேடாமல் புதுசு வாங்கிவிட்டார். எட்டு மாசக் குழந்தையின் புத்திகூட வரவில்லை என்று டீச்சர் ஊரெல்லாம் சொன்னார்.

நான் அங்கே ஆயா வேலை பார்த்தேன். என் மகள் பூமாலைக்கு ஆறு வயது. வீட்டில் பிறந்தவள், பதிவு இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கைதான் சான்றிதழ். தலைக்கு மேலே வலது கையைப் போட்டு இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். இவளுக்குத் தலை பெரிது, கை குட்டை. போன வருஷமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருஷமும் சேர்க்காவிட்டால் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடக்கட்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். நான் டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

ஜூன் மாதம் டீச்சரும் நானும் பூமாலையும் பள்ளிக்கூடம் போனோம். பூமாலை நாக்கைத் துருத்திக்கொண்டு எக்கினாள். விரல் காதுக்கு ஒரு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது.

"அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் தலைமையாசிரியர் அங்கமுத்து.

டீச்சர் விடுவாரா? பையிலிருந்து பிளாஸ்க்கையும் ஒரே மாதிரி இரண்டு டம்ளரையும் எடுத்துச் சரிசமமாக டீ ஊற்றினார். ஒன்றில் இருந்ததை மட்டும் ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றினார். "இப்ப எதுல அதிகம்?"

"ரெண்டும் ஒண்ணுதான். இப்பத்தானே ஊத்துனீங்க" என்றாள் பூமாலை.

"இல்லம்மா, ஒசரமா இருக்கே, அதுலதான் அதிகம்" என்று சார் திருத்தினார்.

"ஏழு வயசுக்குக் கீழ இருக்கறவங்கதான் சார் அப்படிச் சொல்லுவாங்க" என்றார் டீச்சர்.

சாருக்கு முகம் கறுத்துவிட்டது. "டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. காது எட்டுனாத்தான் பேரு எழுதுவேன்."

எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ, என் கையைத் தலைக்கு மேலே போட்டு என் காதைப் பிடித்தேன்.

"எனக்கு எட்டுது சார். சின்னதுலயே எட்டுச்சு, பள்ளிக்கூடத்துக்கு யாரும் கூப்புடல. என் பேர எழுதுங்க. நான் படிச்சிட்டு வந்து அவளுக்குச் சொல்லித் தரேன்."

விளையாட்டு என்று நினைத்துச் சார் சிரித்தார். நான் கையை இறக்கவில்லை. தோள் வலித்தது, அழுகையும் வந்தது. சார் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பதிவேட்டை இழுத்து, "பாப்பா பேரு என்ன?" என்றார்.

சொன்னேன். எழுதினார். எழுதியது அவள் பேர்தானா என்று படிக்க எனக்குத் தெரியாது. டீச்சரிடம் கேட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அவ பேருதான்டி" என்றார்.