தண்ணீரைக் கலக்காதே

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். கதையாக இருந்திருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யாரும் இருக்கமாட்டான். ஆனால் நடந்தது. காலை 5.38-லிருந்து 6.26 வரை. நேரத்தை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. ஒவ்வொரு படத்திலும் கேமரா பதிந்து வைத்திருக்கிறது.

நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ நடத்தினோம். கல்யாணம், பாஸ்போர்ட் போட்டோ, பள்ளிக்கூட குரூப் போட்டோ. மிச்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், தண்ணீரில் விழும் பிம்பங்களைப் படமெடுப்பது. மழை நின்ற சாலை, குளம், மாடித் தொட்டி, எதையும் விடமாட்டோம். அதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை அவனிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. அதில் தேங்கிய தண்ணீரில் எதிர்ப்பாறையும் அதன்மேல் நிற்கும் ஒற்றை மரமும் தலைகீழாக விழுவதை அவன் ஒருநாள் எடுத்தான். அந்தப் படத்துக்கு ஒரு போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. வாங்கியது நான். விண்ணப்பத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது, என் பெயரை எழுதிவிட்டேன். ஸ்டுடியோ பொதுதானே, கேமரா பொதுதானே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

தம்பி சண்டை போடவில்லை. "படம் எடுத்தது யாருண்ணே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டான். மூன்று மாதம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் என் மனைவியைத் தூது விட்டோம்.

"அண்ணி, பேட்டரி சார்ஜ்ல இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"பாத்தாச்சுன்னு சொல்லு அவன்கிட்ட."

அப்போதுதான் போட்டிக்காரர்கள் கண்காட்சி வைப்பதாகச் சொன்னார்கள். அதே மாதிரி பத்துப் படம் வேண்டுமாம். என்னிடம் ஒன்றுகூடத் தேறவில்லை. கொடுக்காவிட்டால் குட்டு உடைந்துவிடும். ஊர் முழுக்கத் திருடன் என்று பெயர் வாங்குவதைவிட, தம்பியிடம் போய் "தப்புதான்டா, நீயே எடுத்துக் கொடு" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் செய்திருப்பான். எனக்கு மனசு வரவில்லை. அன்றிரவு அவன் சாப்பிட வராததை நான் கவனித்தேன். கவனித்தும் ஏனென்று கேட்கவில்லை. விடிவதற்கு முன்பே கேமராவைத் தூக்கிக்கொண்டு குவாரிக்குக் கிளம்பினேன்.

ஒற்றையடிப் பாதையின் முடிவில் தம்பியின் பைக் நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் திணறுவதை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

சீட் முழுக்கப் பனித்துளி. ஒவ்வொரு துளியிலும் குட்டியாக வானம் தெரிந்தது. நின்று இரண்டு படம் எடுத்தேன். 5.38. இவ்வளவு பனி இறங்கியிருந்தால் அந்த வண்டி எத்தனை மணி நேரமாக அங்கே நிற்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழகு மட்டும்தான் கண்ணில் பட்டது.

குவாரித் தண்ணீர் 'ட' போல வளைந்து கிடக்கும். வளைவுக்கு அந்தப் பக்கத்தைப் பாறை மறைத்துவிடும். நான் இந்தப் பக்கம் ஸ்டாண்டை ஊன்றினேன். தண்ணீர் துளிகூட அசையவில்லை.

5.49.

டப்... டப்... டப்...

வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சத்தத்துக்குப் பின்னாலேயே சின்னச் சின்ன அலை. பிம்பம் நெளிந்து கலைந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் போட்டோ கிளப்பில் இது பழைய சேட்டை. ஒருத்தன் பிம்பத்துக்காகக் காத்திருக்கும்போது இன்னொருத்தன் ஒளிந்திருந்து தண்ணீரில் கல்லைப் போடுவான். நானும் தம்பியுமே எத்தனையோ பேர் படத்தைக் கெடுத்திருக்கிறோம்.

"கல்லு போடாதடா," என்று கத்தினேன். "தண்ணி கலங்குது."

பதில் இல்லை. மூன்று மாதமாக வராத பதில் அன்றைக்கு மட்டும் வந்துவிடுமா என்ன?

6.02. டப்... டப்... டப்...

"எவ்வளவு நேரம் போடுறேன்னு நானும் பாக்கறேன்."

6.11. தண்ணீர் அடங்கியது. கேமராவில் கண்ணை வைத்தேன்.

பாறையின் பிம்பத்தில் ஓர் ஆள் நின்றான். தம்பி. நீலச் சட்டை. கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

கண்ணை எடுத்துப் பாறையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

தண்ணீரைப் பார்த்தேன். நின்றான்.

"தள்ளி நில்லு. படத்துல விழற."

அப்போது எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான்.

பிறகுதான் கவனித்தேன். மரம் தலைகீழாக இருந்தது. பாறை தலைகீழாக இருந்தது.

அவன் மட்டும் நேராக நின்றான்.

லேசாகக் காற்று வந்தது. மரம் நெளிந்தது. பாறை நெளிந்தது.

அவன் நெளியவில்லை...

என் லென்ஸில் போலரைசர் இருந்தது. வளையம் மாதிரி ஒரு கண்ணாடி. அதைத் திருப்பினால் தண்ணீர்மேல் விழும் பிம்பமெல்லாம் மறைந்துவிடும். அதைத் திருப்பினேன்.

6.24.

வானம் போனது. மரம் போனது. பாறை போனது. கறுப்புத் தண்ணீர்தான் மிச்சம்.

அவன் போகவில்லை.

கை ஆட்டுவதை நிறுத்தினான். மெதுவாக ஒரு பக்கமாக நீட்டினான்.

வளைவைக் காட்டினான்.

6.26. என்னை அறியாமல் விரல் பொத்தானை அழுத்தியது.

டப்...

இந்தத் தடவை ஒன்றுதான்.

ஓடினேன். வளைவுப் பக்கம் இல்லை. என் வண்டிப் பக்கம்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். "தம்பி ராத்திரி வரவே இல்லைங்க. போன் எடுக்கல. எங்கேயாச்சும் பாத்தீங்களா?"

"பாக்கல," என்றேன். பேயைப் பார்த்ததைச் சொல்வதா, பார்த்து ஓடிவந்ததைச் சொல்வதா? போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன். பைக் நின்றதைச் சொல்லும்போது மணி பத்து.

மதியம் தீயணைப்புக்காரர்கள் அவனை வெளியே எடுத்தார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம். முந்தின நாள் மாலை படமெடுக்க இறங்கியவன் வழுக்கி விழுந்திருக்கிறான். தண்ணீருக்கடியில் இரண்டு கற்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டிருந்தது. நீலச் சட்டைதான். நான் எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எதிலும் அவன் இல்லை. அலை மட்டும் இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நான் பார்த்தது பேய். அப்படியென்றால் நான் போவதற்கு முன்பே அவன் செத்திருக்க வேண்டும். செத்தவனுக்கு நான் என்ன செய்திருக்க முடியும்? துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பேயைப் பற்றிச் சொன்னேன். கல் சத்தத்தைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பதினோராவது நாள் பிரேதப் பரிசோதனை அறிக்கை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார்.

"தண்ணி கழுத்தளவுதான். ராத்திரி பூரா தாக்குப்பிடிச்சிருக்காரு. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாயிருக்கு, விடியறப்ப குரலே போயிருக்கும். விரல் நுனியெல்லாம் தேஞ்சிருக்கு. பாறையில இருந்த கல்லைப் பேத்துப் பேத்து எறிஞ்சிருப்பாரு போல."

டாக்டர் அறிக்கையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"கடைசில குளிர்லதான் போயிருக்காரு. கையில கட்டியிருந்த வாட்ச் நாடித்துடிப்பை எண்ணுற வாட்ச். அதுல துடிப்பு நின்ன நேரம் இருக்கு. காலைல 7.04."

அன்று தண்ணீரில் நின்றது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேய் இல்லை என்பது மட்டும் தெரியும். 6.26-க்கு என் தம்பி உயிரோடு இருந்தான்.