பூமிநாதன் போட்ட ஒற்றை நட்சத்திரம்

பூமிநாதன் இலையில் உட்கார்ந்ததும் முதலில் குழம்பை முகர்ந்து பார்ப்பார். பிறகு பொரியலை ஓரங்கட்டிவிட்டு வெறும் சோற்றில் ஒரு வாய். தலத்தெருவில் வீடு, ஓய்வூதியம், சமையலில் கெட்டிக்காரியான மனைவி வடிவாம்பாள் எல்லாம் இருந்தும், மத்தியானமானால் மனுஷர் காரைக்கால் ஓட்டல்களில்தான். கேட்டால் "ஆய்வு" என்பார்.

பிரான்சில் இருக்கும் மகள் தேவிகா, அங்கே நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழிகாட்டிப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதால் வந்த வினை. அதன் ஆய்வாளர் தான் யாரென்று காட்டிக்கொள்ளக் கூடாது. சொந்தக் காசில் சாப்பிட வேண்டும். ஒரே தடவையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மேசை நாற்காலியை விட்டுவிட்டுத் தட்டில் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். ஆனால் ஓட்டல் வாசலில் பூமிநாதன் தலை தெரிந்ததுமே "பூமி சார் வந்தாச்சு" என்று உள்ளே குரல் போய், மீன் சினை ஒன்று கூடுதலாக வந்துவிடும். பாவம், தன்னை யாருக்கும் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

கிளிஞ்சல்மேட்டு அஞ்சுகத்தின் மீன் மெஸ்ஸில் நான்காவது முறை திருக்கைக் குழம்பு சாப்பிட்ட அன்று, மனசு நிறைந்துபோய்க் கைபேசியில் அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டார்.

மறுநாள் அஞ்சுகம் இலை போடாமல் எதிரே வந்து நின்றாள்.

"புடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல சார்? ஒத்த ஸ்டாரப் போட்டு ஊருக்கே காட்டிட்டீங்க. பீச்சுக்கு வந்த ரெண்டு வேன் ஆளுங்க வாசல்லயே போனப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க."

"கொறையாவாம்மா போட்டேன்? பிரான்சுல ஒரு ஸ்டாருக்கு சமையக்காரங்க வருஷக்கணக்கா ஏங்கிக் கெடக்குறாங்க. மொத்தமே மூணுதான்."

"போன்ல அஞ்சு சார். ஒண்ணுன்னா இந்தப் பக்கமே வராதீங்கன்னு அர்த்தம்."

பூமிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக, ஊரில் நன்றாகச் சமைக்கிற ஏழு கடைகளைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, ஒன்று விடாமல் ஒற்றை நட்சத்திரத்தால் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஏழுக்கும் ஐந்து ஐந்தாக மாற்றினார். அஞ்சுகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு ஒரு கவலை வந்தது.

"அப்ப அந்த பிரான்சு ஸ்டாரு போயிடுச்சா சார்?"

"அது எப்படிம்மா போவும்?"

எழுந்து வாசலுக்குப் போனார். அன்றைய மீன்களை எழுதிவைக்கும் கரும்பலகையில், சாக்பீஸால் கோணல்மாணலாக ஒரு நட்சத்திரம் வரைந்தார்.

அடுத்த நாள் காலை, சுறாவை அழித்து வஞ்சிரம் எழுத ஈரத்துணியோடு வந்த அஞ்சுகம், பலகை முழுவதையும் துடைத்தாள், அந்த நட்சத்திரத்தின் மேல் மட்டும் துணி படாமல்.