நான் கை காட்டிய முகம்

என் தங்கை மகளை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வந்து நிற்பது ஆறு போட்டோக்கள்தான். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து துடைத்த மேஜையில் வரிசையாக அடுக்கினாள். எல்லாம் இருபது வயதுப் பையன்கள். எல்லாருக்கும் லேசான தாடி. அடுக்கி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தாலே ஏதோ வில்லங்கம் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வண்டி துடைக்க வந்தேன். இன்று அந்த ஸ்டாண்டுக்கு நான்தான் முதலாளி. தில்லை நகரில் ஆஸ்பத்திரிக் கூட்டத்தை நம்பி இன்னொன்று, பொன்மலையில் இன்னொன்று. யார் தயவும் கிடையாது. என்னிடம் இருந்த மூலதனம் கண்ணும் ஞாபகமும் மட்டும். வண்டியை விட்டுப் போனவர் திரும்பி வந்து டோக்கனை எடுக்கப் பைக்குள் கை விடும்போதே, எந்த வரிசையில் எத்தனையாவது வண்டி என்று சொல்லிவிடுவேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். சித்திரை வீதிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மருமகள், என் தங்கை மகள்தான், முசிறியிலிருந்து படிக்க வந்து எங்கள் மாடியறையில் தங்கினாள். ஐந்து வருடப் படிப்பு. சட்டமும் நடத்தை அறிவியலும் சேர்ந்தது என்றாள். சட்டம் எனக்குப் புரிந்தது. மற்றது என்ன என்று கேட்டேன். மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள், பார்த்ததை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிய படிப்பாம். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. திருடனை உள்ளே தள்ளச் சட்டம் போதாதா? அடுத்தவன் மனதுக்குள் எட்டிப் பார்க்க ஒரு பட்டமா? நான் ஆட்களிடம் போனில் சத்தம் போடும் நேரத்தில் அவள் நோட்டைத் திறந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். படிக்க வந்தவள் என்னைத்தான் படிக்கிறாளோ என்று ஒரு சந்தேகம். மனைவியிடம் சொன்னேன். "உங்களைப் படிக்க அஞ்சு வருஷமா? அரை நாள் போதுமே," என்றாள்.

அவள் வந்த இரண்டாம் வருடம்தான் அது நடந்தது. ஸ்ரீரங்கம் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். ஒருவன் வந்து டோக்கன் தொலைந்துவிட்டது என்றான். வேலையாள் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டான். நான்தான் அவனை அடக்கினேன். தினமும் கறுப்பு வண்டி விடுகிறவர், எனக்குத் தெரிந்த முகம், கொடு என்றேன். அரை மணி கழித்து அந்தக் கறுப்பு வண்டியின் சொந்தக்காரர் டோக்கனோடு வந்து நின்றார்.

அத்தனை வருடத்தில் என் ஸ்டாண்டிலிருந்து ஒரு வண்டி திருட்டுப் போனதில்லை. போன ஒன்றையும் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கேமராவில் விழுந்தது முதுகு மட்டும். போலீஸ், பொன்மலைப் பக்கம் பழைய வழக்கு உள்ள ஒருவனைப் பிடித்தது. பெயிண்ட் வேலை செய்கிறவன். வண்டி கிடைக்கவே இல்லை. வழக்குக்கு இருந்தது என் கண் ஒன்றுதான். ஜெயிலில், நீதிபதி ஒருவர் முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னார்கள். அடையாள அணிவகுப்பு என்று அதற்குப் பேர். உள்ளே நுழைந்ததும் கை காட்டினேன். இதை ஊரெல்லாம் சொன்னேன். என் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது, மறைக்கவில்லை. அவன் திருடன் என்றால் நான் ஏமாற்றப்பட்டவன். அவன் இல்லை என்றால் நான் வெறும் ஏமாளி.

சாட்சி சொல்ல நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்த வாரம்தான் மருமகள் கேட்டாள்.

"அணிவகுப்புக்கு முன்னாடி அவரோட படத்தை யாராவது காட்டினாங்களா மாமா?"

காட்டினார்கள். ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டி இவனா பாருங்கள் என்றார். அதிலென்ன, நல்லதுதானே என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். அந்தத் தலையாட்டல்தான் என்னை அரித்தது. ஜெயிலில் இருப்பவனுக்காக யாரோ இவளைப் பிடித்துவிட்டார்களோ என்று யோசித்தேன். அவள் கல்லூரிக்குப் போன பிறகு மாடிக்கு ஏறி மேஜையைக்கூடப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். ஒன்றும் புரியாமல் இறங்கி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாள். கல்லூரிப் பயிற்சிக்காம். தமிழில்தான் இருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தேன். விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. நிலப் பத்திரம், பாங்க் பத்திரம், லைசென்ஸ் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டவன் நான். நீ எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லுகிற காகிதத்தை அன்றுதான் பார்த்தேன். அதனாலேயே இரண்டு நாள் போடாமல் வைத்திருந்தேன். பிறகு, என் ஞாபகத்தைச் சோதிக்கத்தான் என்று அவள் சொன்னதும், அதிலென்ன பயம் என்று போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆறு போட்டோக்கள். வியாழக்கிழமை ஸ்டாண்டுக்கு ஒரு பையன் வந்து மாதப் பாஸ் பற்றிப் பத்து நிமிடம் பேசினான் அல்லவா, அவன் என் வகுப்புப் பையன்தான், இதில் அவன் யார் என்று கேட்டாள். மூன்றாவதில் விரலை வைத்தேன். எவ்வளவு உறுதி என்றாள். நூற்றுக்கு நூறு என்றேன். அதை எழுதிக்கொண்டாள். பிறகு நோட்டை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அவன் இந்த ஆறுல இல்லவே இல்ல மாமா."

போனில் அவன் படத்தைக் காட்டினாள். தாடி இருந்தது, வேறு எதுவும் ஒட்டவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி, "நூத்துக்கு நூறா? அஞ்சாங்கிளாஸ்லயே வாங்கலையே நீங்க," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு போட்ட வீட்டில் எனக்கே பொறி வைக்கிறாயா, யார் அனுப்பினார்கள் உன்னை என்று கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. யாரும் அனுப்பவில்லை என்றாள்.

"கோர்ட்டுல என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன் மாமா. சொல்லவும் கூடாது. நீங்க பாத்தது அந்த ஆளையா, போன்ல இருந்த படத்தையான்னு மட்டும் நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். ஸ்டாண்டில் நின்றவனைக் கண்ணுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். கூட்டம் வந்தது, வேலையாள் வந்தான், கறுப்பு வண்டி வந்தது. அவன் முகம் வரும் இடத்தில் போன் திரை வந்தது. முகத்துக்குப் பின்னால் ஸ்டேஷனின் நீலச் சுவர்கூடத் தெரிந்தது. ஸ்டாண்டில் ஏது நீலச் சுவர்?

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நான் அதுவரை பார்த்திராத ஆள். முதல் கேள்வியே, "அணிவகுப்புக்கு முன்னாடி இவரோட படத்தை யாராவது காட்டினாங்களா?" அச்சு அசல் மருமகள் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள், தலையைக் குனிந்துகொண்டு. காட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெருமையும் நின்றிருக்கும், அவள் படிப்பும் தோற்றிருக்கும். காட்டினார்கள் என்றேன். அந்தப் படம்தான் இன்றைக்கு ஞாபகம் இருக்கிறது, வண்டி வாங்கிப் போனது இவர்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அரசு வக்கீல் கோபமாக எழுந்து என்னைப் பிறழ்சாட்சியாக, அதாவது பேச்சு மாறுகிற சாட்சியாக, அறிவிக்கக் கேட்டார். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படி ஒரு பேர் வைத்ததில்லை.

வெளியே வந்தபோது மரத்தடியில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அந்தப் பெயிண்டரின் மனைவி. கும்பிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"இப்பத் தெரியலைங்கிறீங்க. அப்ப மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?" என்றாள். ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் அவன் ஏழு மாதம் உள்ளே இருந்திருக்கிறான்.

மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பவள் அன்று பையில் ஸ்கூட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு அவன் விடுதலையானான். வண்டியை எடுத்தது அவன்தானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

அன்று அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். சிக்னலில் நின்றபோது கேட்டேன், அந்த வக்கீலை உனக்கு முன்னாடியே தெரியுமா என்று.

"தெரியாது மாமா. அந்தக் கேள்வியை யாரா இருந்தாலும் கேப்பாங்க. எங்களுக்கு மொதப் பாடமே அதுதான்."

ஹெல்மெட் போட்டிருந்தாள். பக்கக் கண்ணாடியில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது, என்னைத்தான் பார்த்தது. முன்பென்றால் அந்தக் கண்ணைப் பார்த்தே பொய்யா நிஜமா என்று சொல்லியிருப்பேன். இப்போது அவள் படிப்பை முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தால் அதே மாடியறைதான். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று சிக்னலில் சொன்னது பொய்யா நிஜமா, சொல்லத் தெரியவில்லை.