வடமோடி அழுகை

போன கிழமை மகள் தன் ஃபோனில் ஒரு புதுப் படத்தைப் போட்டுக் காட்டினாள். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கடலுக்குப் போன மகன் செத்த செய்தி தகப்பனுக்கு வருமே, அதே கதை. மூன்றாம் முறையாக எடுத்திருக்கிறார்கள்.

"அப்பா, மூண்டு பேரிலயும் ஆரு நல்லா நடிச்ச?"

என்னிடம் இப்படிக் கேட்டுவிட்டுத் தப்பியவர்கள் குறைவு. எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது, எந்தத் தியேட்டரில் எத்தனை கிழமை ஓடியது என்று கேட்காமலே ஒப்புவிக்கிற திகதிப் பைத்தியம் நான். அன்றைக்கு மட்டும் ஒரு பழைய கடை மேசைதான் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்லடியில் ஒரு வீடியோக் கடையில் வேலைக்கு நின்றேன். கேசட் போட்டு நெடுநேரம் ஓடிச் சூடேறிய டெக்கில் இருந்து, கருகிய தூசியும் ரப்பரும் கலந்தாற்போல ஒரு மணம் வரும். இப்போதும் எங்காவது பழைய மின்விசிறி ஒன்று புகைந்தால் எனக்குத் தவம் அண்ணன்தான் நினைவுக்கு வருவார். நாவலடியில் கரைவலை இழுத்தவர். கூத்தில் ராசா வேசம் கட்டியவர். மேசையில் அடிக்காமல் அவருக்கு ஒரு வசனமும் முடியாது.

அந்தக் கதையின் முதல் இரண்டு படங்களும் கடையில் இருந்தன. கறுப்பு வெள்ளையில் தகப்பன் நெஞ்சில் அடித்து, மண்ணில் உருண்டு, ஊர் கேட்க அழுவார். கலரில் நடித்தவர் அழுவதே இல்லை. கொடியில் காயும் மகனின் சட்டையை எடுத்து மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். நாலு புத்தகம் படித்த திமிரில் நான் சட்டைக் கட்சி. எங்கள் ஊர்க் கூத்தில் வடமோடி என்றால் போரும் அதிர்கிற ஆட்டமும், தென்மோடி மெதுவானது.

"அது நடிப்பில்ல அண்ண, வடமோடி."

"போடா தென்மோடி! புள்ள செத்தா மனிசன் சட்டையா மடிப்பான்?" மேசையில் படார் என்று ஒரு அடி. "உன்ர ஆளுக்கு அழத் தெரியா. அதான் கையில சட்டையக் குடுத்திரிக்கானுகள்."

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. உடைந்த பள்ளத்தில் செலோடேப் ஒட்டினால் முடியும். 2002இல், சமாதான காலத்தில், ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைப் பதிய எனக்குக் கேசட் தேவைப்பட்டது. அடுக்கு நிறைய இருந்தும் கை நேரே கறுப்பு வெள்ளைக்குத்தான் போனது. தவம் அண்ணனைத் தவிர அதை யாரும் எடுப்பதில்லை, அவருக்கோ மனப்பாடம். செலோடேப்பை நகத்தால் நீவி ஒட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

2004 மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்த நாள். ஆஸ்பத்திரி விறாந்தையில் தவம் அண்ணனைக் கண்டேன். அவருடைய ஒரே மகள் ரஞ்சி சீமெந்துத் தரையில் கிடந்தாள். அவர் குந்தியிருந்து அவள் தலைமுடியில் இருந்த மணலை விரலால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அழுங்களன் மனிசன், அழுங்களன்" என்று மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ சொன்னதுதான் சரி தம்பி. சத்தம் வருகுதில்ல."

துக்கம் வருமுன் எனக்குள் வேறொன்று ஓடியது: நான் வென்றுவிட்டேன். ஒரு கணம்தான். ஆனாலும் ஓடியது.

2009இல், யுத்தம் முடிந்து சில நாள் கழித்து, அவர் கடைக்கு வந்தார். அப்போது உள்ளே முழுக்க சீடிதான். மெலிந்திருந்தார்.

"அந்தப் பழைய படத்த ஒருக்காப் போடு மனே. நெஞ்சில அடிச்சி அழுவானே, அது."

"இப்ப என்னத்துக்கு அண்ண?"

"அண்டையில இருந்து எனக்கு அழுகை வரல்ல. சண்டையும் முடிஞ்சிற்று. ஊரெல்லாம் அவனவன்ர புள்ளய நினைச்சி அழுறான். அந்தாள் அழுறதப் பாத்தா எனக்கும் வரும் எண்டு நினைச்சன்."

நான் திரும்பி அடுக்கில் தேடுவதுபோல் நின்றேன். பிறகு சொன்னேன்: "அது தண்ணியில போயிற்று அண்ண."

அந்த ஆண்டுகளில் காணாமல்போன எதற்கும் கடலைச் சொன்னால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். எங்கள் கடைப் படியோடு நின்றுவிட்ட தண்ணீர் அது.

"அதையுமா கொண்டுபோயிற்று?" என்றார். மேசையில் கை வைத்தார், அடிக்கவில்லை. போய்விட்டார்.

தவம் அண்ணன் இப்போது இல்லை. அவர் வீடு இருந்த நாவலடி ஒழுங்கையும் இல்லை. எங்கள் கடையில் ஃபோன் திருத்துகிறார்கள். கேசட் யாரிடமாவது இருந்தாலும் போட்டுப் பார்க்க டெக் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் மகள் ஃபோனில் தேடி எடுத்துவிட்டாள், முழுசாக.

"சொல்லுங்களன் அப்பா, ஆரு?"

"இவர்தான்" என்று கறுப்பு வெள்ளைத் தகப்பனைக் காட்டினேன்.

ஃபோனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். அவர் நெஞ்சில் அடிக்க அடிக்க மேசை மெல்ல அதிர்ந்தது.