ஐயோபாவமும் வளையாத இதயங்களும்

என் மச்சினனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். ஊருக்கெல்லாம் அவன் ஐயோபாவம். கொசுவை அடித்தால் பாவம், பல்லி தவறி விழுந்தால் பாவம். அவன் அக்காவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போது மட்டும் அந்தச் சொல் வாயில் வராது.

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. நான் பிளம்பர்; அங்கே குழாய் ஒழுகினால் நான் போவேன். சுண்டுவிரல் நீள மீன்கள். குஞ்சுகளோ கண்ணாடி மாதிரி. நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பது அப்படியே தெரியும்.

அங்கிருக்கும் டாக்டரம்மா எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். மரபணுவிலிருந்து எடுத்த நகலை உயிரணு அப்படியே பயன்படுத்தாதாம். வேண்டாத துண்டுகளை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஒட்டுமாம். கருவில் இதயம் முதலில் வெறும் நேர்க்குழாய். வெட்டி ஒட்டுவது சரியாக நடந்தால்தான் அது வளையும் என்பது அவர் கணிப்பு.

"எல்போ போடாம நான் ஒரு குழாயையும் வளைச்சதில்லம்மா" என்றேன். சிரித்தார்.

சில முட்டைகளில் அந்த வெட்டி ஒட்டும் வேலையைக் கெடுத்து, தனித் தட்டில் வைத்திருந்தார். பொரிந்த குஞ்சுகள் சோர்ந்து கிடந்தன. பக்கத்துத் தட்டில் நல்ல குஞ்சுகள் துள்ளின. ஒரு காலையில் நம்மாள் இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிட்டான்.

"யாரு கலந்தது?" டாக்டரம்மாவின் குரலில் நான் ஸ்பானரைக் கீழே போட்டேன்.

"நான்தாம்மா. துணையில்லாம கிடந்துச்சுங்க, பாவம்..."

"என் வருஷக்கணக்கான உழைப்பும் அதுலதான் கிடக்கு! இது வீணாப் போச்சுன்னா நீங்க இனிமே இங்க வரவேணாம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் வால்வைத் திருகினேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

டாக்டரம்மா நுண்ணோக்கி முன் உட்கார்ந்துவிட்டார். மயக்க மருந்து கொடுத்ததும் எல்லாம் ஒரே மாதிரிதான் கிடந்தன; எந்தக் குஞ்சு எந்தத் தட்டு என்று அவருக்கே தெரியாது. இதயம் வளைந்ததை ஒரு பக்கம், நேராக நின்றதை ஒரு பக்கம் என்று பிரித்தார். பிறகு ஒவ்வொன்றின் மரபணு நகலையும் சோதனைக்குப் போட்டார். சோறு இறங்காமல் வளைய வந்தவனை, "உன் இதயம் மட்டும் நல்லா வளைஞ்சிருக்குடா" என்று அவன் அக்கா தேற்றினாள்.

சோதனை முடிவு வந்தது. வளைந்ததில் எல்லாம் ஒட்டு சரி. நேர்க்குழாய் இதயம் இருந்ததில் எல்லாம், ஒன்றைத் தவிர, ஒட்டு தப்பு.

"எது எந்தத் தட்டுன்னு தெரிஞ்சு பிரிச்சிருந்தா, எனக்குத் தோதாப் பாத்தேன்னு சொல்லியிருப்பாங்க" என்றார் டாக்டரம்மா. "இப்ப யாரும் வாய் திறக்க முடியாது. அதுக்காக மறுபடி கலந்துடாதீங்க."

அவன் வேலை தப்பித்தது. ஆனால் இப்போது எல்லாத் தட்டுக்கும் மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: பாவம் பார்க்கக் கூடாது.

நம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அந்த ஒண்ணு என்ன ஆச்சு மாமா?"